டெக்சஸ் பள்ளிகளில் கிரிக்கெட் வர யாரிடம் போய்க் கேட்பது?

பிரிஸ்கோ_அப்பா

எல்லோருக்கும் வணக்கம். டாலஸுக்கு வடக்கே புறநகரில் இருக்கிறோம். மகன் ஒன்பதாவது, மகள் ஏழாவது. இரண்டு பேரும் சனி, ஞாயிறு ஆனால் கிளப் கிரிக்கெட். 2024 ஜூன் 6 அன்று கிராண்ட் பிரெய்ரி மைதானத்தில் அமெரிக்கா பாகிஸ்தானை சூப்பர் ஓவரில் தோற்கடித்தபோது குடும்பத்தோடு அங்கே இருந்தோம். ஆட்டம் முடிந்து காரை எடுக்கும்போது பையன் கேட்டான்: "அப்பா, ஸ்கூல் பெயர் போட்ட சட்டையில நான் எப்போ கிரிக்கெட் ஆடுவேன்?" அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

வெள்ளிக்கிழமை இரவு பள்ளிகளின் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்துக்கு ஊரே திரளுகிறது. அந்தக் கூட்டத்தில் நம் பிள்ளைகள் பெரும்பாலும் பேண்டு வாத்தியக் குழுவில் இருக்கிறார்கள், இல்லையென்றால் பார்வையாளர் வரிசையில். நன்றாக ஆடத் தெரிந்த ஒரு விளையாட்டுக்குப் பள்ளியில் இடமே இல்லை என்பது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது.

மாநில அளவில் பள்ளி விளையாட்டை நடத்துவது யூஐஎல் என்று தெரியும். ஒரு மனு எழுதி, கையெழுத்து வாங்கி, ஆஸ்டினில் உள்ள அவர்கள் அலுவலகத்துக்கு அனுப்பலாம் என்று இருக்கிறேன். இதுவரை 300 கையெழுத்துக்கு மேல் வந்துவிட்டது. இது சரியான வழிதானா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

எண்பது_கேள்வி

வணக்கம் நண்பரே. நான் இங்கே அரசுப் பள்ளியில் கணித ஆசிரியை. யூஐஎல்லின் மனக்கணக்குப் போட்டிக்குப் பல வருடமாகப் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன். 10 நிமிடத்தில் 80 கேள்வி, தாளில் கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடாது, விடையை மட்டும்தான் எழுத வேண்டும். என் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

மனுவை அனுப்பாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் யூஐஎல்லை நீங்கள் ஒரு அரசுத் துறை மாதிரி நினைத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நம் ஊரில் கல்வித் துறைக்கு மனு போடுவதுபோல் இங்கே போட்டால் அது போய்ச் சேர வேண்டிய இடம் வேறாக இருக்கும்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். 1910-இல் டெக்சஸ் பல்கலைக்கழகம் மாநில உயர்நிலைப் பள்ளிகளுக்காக ஒரு சொற்போர் லீகைத் தொடங்கியது. விளையாட்டு அப்புறம்தான் சேர்ந்தது. 1913-இல் இரண்டையும் இணைத்து 'யூனிவர்சிட்டி இன்டர்ஸ்கொலாஸ்டிக் லீக்' என்று பெயர் வைத்தார்கள். இன்றும் அது ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம். அதனால்தான் ஃபுட்பாலை நடத்தும் அதே அமைப்பு ஓரங்க நாடகத்தையும், மார்ச்சிங் பேண்டையும், கணினி அறிவியலையும் நடத்துகிறது. உறுப்பினராக 1,400-க்கும் மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன. மாணவர் எண்ணிக்கையை வைத்து அவற்றை 1ஏ முதல் 6ஏ வரை பிரித்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி அடுக்குவார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். விதிகளை எழுதுவது ஆஸ்டினில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி அல்ல. 'லெஜிஸ்லேட்டிவ் கவுன்சில்' என்று ஒன்று இருக்கிறது. அதில் இருப்பவர்கள் பள்ளி மாவட்டங்களின் தலைமை நிர்வாகிகளான சூப்பரின்டெண்டென்ட்கள், அவர்களைத் தேர்ந்தெடுப்பதும் உறுப்பினர் பள்ளிகள்தான். ஜூனில் அதன் நிலைக்குழுக்கள் கூடும். அங்கே பொதுமக்களும் போய்ப் பேசலாம். அக்டோபரில் முழுக் கவுன்சில் வாக்களிக்கும். அதன்பிறகு மாநிலக் கல்வி ஆணையரின் ஒப்புதல் வேண்டும்.

ஆக, உங்கள் ஐஎஸ்டியின் (பள்ளி மாவட்டத்தின்) சூப்பரின்டெண்டென்ட்டுக்கு கிரிக்கெட் வேண்டும் என்று தோன்றாதவரை ஆஸ்டினில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். 300 கையெழுத்தில் எத்தனை பேர் உங்கள் ஐஎஸ்டிக்குள் வசிக்கிறார்கள்?

பிரிஸ்கோ_அப்பா

மிக்க நன்றி அக்கா, இவ்வளவு விவரம் எனக்குத் தெரியவே தெரியாது. எண்ணிப் பார்த்தேன். எங்கள் ஐஎஸ்டியில் இருப்பவர்கள் 40 பேர்கூட இல்லை. மீதி ஹூஸ்டன், ஆஸ்டின், சிலர் நியூஜெர்சியிலிருந்துகூட.

குயின்ஸ்_தமிழன்

நியூயார்க் நகரத்தில் இது நடந்திருக்கிறது. நகர அரசுப் பள்ளிகளின் விளையாட்டு லீகான பிஎஸ்ஏஎல், 2008-இலிருந்து கிரிக்கெட்டைப் பள்ளி விளையாட்டாக நடத்துகிறது. குயின்ஸ், புரூக்ளின் பக்கம் கயானா, ஜமைக்கா, வங்கதேசம், பாகிஸ்தான், பஞ்சாப் என்று எல்லா இடத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆட்டம் பெரும்பாலும் நகராட்சிப் பூங்காக்களில்தான்.

என் அண்ணன் மகன் ஆடினான். பள்ளி முடிந்து முதுகில் கிட் பையோடு சப்வேயில் ஏறி ஆட்டத்துக்குப் போவான். அவனுடைய பயிற்சியாளர் ஒரு அறிவியல் ஆசிரியர். அந்த அணியில் இருந்த நான்கு வருடமும் அவன் முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்க மாட்டேன். பள்ளி ஆண்டுவிழாவில் பேஸ்கட்பால் அணிக்கு நடந்ததுபோலவே கிரிக்கெட் அணிக்கும் பெயர் வாசித்துப் பதக்கம் கொடுத்தார்கள்.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், இது நகரத்தின் லீக். நியூயார்க் மாநிலம் முழுக்கக் கிரிக்கெட் சாம்பியன்ஷிப் என்று எதுவும் இல்லை. முடிவெடுத்தது ஒரே ஒரு கல்வித் துறை, அதனால் சுலபமாக நடந்தது. டெக்சஸில் அப்படி நடக்காது என்று நினைக்கிறேன்.

எண்பது_கேள்வி

குயின்ஸ் தம்பி சொல்வது சரி. டெக்சஸில் வாட்டர் போலோ எப்படி வந்தது என்று பாருங்கள். நீச்சல் பயிற்சியாளர்கள் பல வருடம் தாங்களே மாநிலப் போட்டி நடத்தினார்கள். யூஐஎல் பெயர் கிடையாது, கோப்பை மட்டும் உண்டு. பள்ளிகள் மெல்ல மெல்லச் சேர்ந்தன. கவுன்சில் ஒப்புக்கொண்டு 2022 இலையுதிர்காலத்தில்தான் யூஐஎல்லின் முதல் வாட்டர் போலோ சீசன் தொடங்கியது. லக்ராஸ் இன்னும் அந்த வரிசையில் நிற்கிறது. பள்ளிப் பெயரில் அணிகள் உண்டு, சொந்த லீக் உண்டு, மாநிலப் போட்டியும் உண்டு, யூஐஎல் அங்கீகாரம் மட்டும் இல்லை.

போட்டியை நாமே நடத்திக் காட்ட வேண்டும். முதலில் அதற்கு ஆள் சேருங்கள், மனு பின்னால் வரட்டும்.

கேட்டி_கரிசல்

மன்னிக்கவும், நான் கொஞ்சம் காட்டமாக எழுதப்போகிறேன். கிரிக்கெட்டை யூஐஎல் கையில் கொடுப்பதற்கு முன்னால் நன்றாக யோசியுங்கள்.

என் மகள் டென்னிஸ் ஆடுகிறாள். பத்தாவது முடிந்த கோடையில் என் வேலை காரணமாக வீடு மாற்றினோம். அதே ஊர்தான், வேறு பள்ளி மாவட்டம். புதுப் பள்ளியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பழைய பள்ளியில் என்ன ஆடினாள், ஏன் மாறினாள் என்று நாங்களும் எழுத வேண்டும், பழைய பள்ளியும் எழுத வேண்டும். பழைய பயிற்சியாளர் 'விளையாட்டுக்காக மாறியிருக்கலாம்' என்று எழுதிவிட்டார். விசாரணை வைத்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் யார் தெரியுமா? எங்களோடு போட்டி போடும் மற்றப் பள்ளிகளின் நிர்வாகிகள். பழைய வீட்டைக் காலி செய்த ரசீது, மின்சார பில், என் வேலை இடமாற்றக் கடிதம் எல்லாம் கொண்டுபோனேன். இருந்தும் ஒரு வருடம் வார்சிட்டியில், அதாவது பள்ளியின் முதன்மை அணியில், ஆடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பதினாறு வயதுப் பெண் திரும்பி வரும் வழியெல்லாம் காரில் ஒரு வார்த்தை பேசவில்லை.

கிளப்பில் இந்தக் கொடுமை இல்லை. பிடித்தால் ஆடலாம், பிடிக்காவிட்டால் வேறு கிளப்.

எண்பது_கேள்வி

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது சகோதரி. உங்கள் மகளுக்கு நடந்ததை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் அந்த விதி ஏன் வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஃபுட்பாலில் அணியை நடத்தும் நல்ல குவார்ட்டர்பேக் ஒருவனை இழுப்பதற்காகக் குடும்பத்தையே வீடு மாற்ற வைக்கும் ஊர் இது. அந்தத் தடை இல்லாவிட்டால் பணக்காரப் பள்ளிகள் சின்ன ஊர்ப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்விடும். 1ஏ பள்ளிகளில் பதினொரு பேர் சேராததால் ஆறு பேர் ஃபுட்பால் ஆடுகிறார்கள். அவர்களிடமிருந்து இரண்டு பேரை எடுத்துவிட்டால் அணியே இல்லை.

விசாரணையில் போட்டிப் பள்ளிக்காரர்களே உட்காருவது சரியா என்று கேட்டால், எனக்கும் அதில் நெருடல் உண்டு. அதற்கு மேல் மாநில நிர்வாகக் குழுவிடம் முறையீடு செய்யலாம். செய்தீர்களா? இன்னொன்று, தடை வார்சிட்டிக்கு மட்டும்தான். ஜூனியர் வார்சிட்டியில் அந்த வருடம் ஆட விட்டிருப்பார்களே?

கேட்டி_கரிசல்

ஜேவியில் ஆடினாள். முறையீடு செய்யவில்லை, அப்படி ஒன்று இருப்பதே யாரும் சொல்லவில்லை. இப்போது பன்னிரண்டாவது, மறுபடி வார்சிட்டிக்கு வந்துவிட்டாள். ஆனால் கல்லூரிப் பயிற்சியாளர்கள் பார்க்கும் வருடம் பதினொன்றாவது. அது போனது போனதுதான்.

சட்டக்_குறிப்பு

இந்த இடத்தில் ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். டென்னசியில் பிரென்ட்வுட் அகாடமி என்ற தனியார் பள்ளிக்கும் அந்த மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கத்துக்கும் தகராறு. விளையாட்டுக்காக மாணவர்களை இழுப்பதைத் தடுக்கும் ஆள்சேர்ப்பு விதியை மீறியதாகச் சங்கம் பள்ளியைத் தண்டித்தது, பள்ளி நீதிமன்றம் போனது. 'நாங்கள் தனியார் சங்கம், அரசியலமைப்பு எங்களைக் கட்டுப்படுத்தாது' என்றது சங்கம். 2001-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அதை ஏற்கவில்லை. உறுப்பினர்களில் பெரும்பாலோர் அரசுப் பள்ளிகள், நடத்துபவர்கள் அந்தப் பள்ளிகளின் அதிகாரிகள், எனவே சங்கம் செய்வது அரசு செய்வதுபோலத்தான் என்று தீர்ப்பு. அதே வழக்கு 2007-இல் மறுபடி உச்ச நீதிமன்றம் போனபோது, ஆள்சேர்ப்பைத் தடுக்கும் விதி பேச்சுரிமையை மீறவில்லை என்று சங்கம் வென்றது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் புரியும். விதி வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் முறையான விசாரணை தரும் பொறுப்பும் உண்டு. உங்களை மாதிரி பெற்றோர் முறையீடு இருப்பதே தெரியாமல் திரும்பி வருவது தவறு. படிவம் கொடுக்கும் அன்றே பள்ளி அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

பிடி_வாத்தியார்_விருதுநகர்

என் மகள் வீட்டுக்கு ஆஸ்டின் வந்திருக்கிறேன். முப்பது வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பேரன் ஆடும் ஆட்டங்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

நம் ஊரில் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று மேலே போகும். பாரதியார் தினப் போட்டி, குடியரசு தினப் போட்டி என்று இரண்டு வகை. 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிவு. கிரிக்கெட்டும் உண்டு, கபடியும் உண்டு. நடத்துவது கல்வித் துறை, விசில் ஊதுவது என்னைப்போன்ற வாத்தியார்கள். ஒரு விளையாட்டைச் சேர்க்க வேண்டுமென்றால் மேலிருந்து ஒரு ஆணை வந்தால் போதும். அது வராவிட்டால் இருபது வருடம் கேட்டாலும் ஒன்றும் ஆகாது. என் பள்ளியில் ஒரு விளையாட்டுக்காக அப்படிக் கேட்டுக் கேட்டே நான் ஓய்வு பெற்றேன்.

இங்கே கீழிருந்து ஏற வேண்டியிருக்கிறது. உடம்பு நோகும் வேலை. ஆனால் ஏற ஒரு படி இருக்கிறது, அது பெரிய விஷயம் தம்பி.

பேரன் விஷயத்தில் ஒன்று தெரிந்துகொண்டேன், மற்றவர்களுக்கும் உதவும். இங்கே செப்டம்பர் 1 அன்று 19 வயது நிரம்பியிருக்கக்கூடாது. கூடவே, ஒன்பதாவதில் முதலில் சேர்ந்த நாளிலிருந்து நான்கு வருடம்தான் கணக்கு. இந்தியாவில் ஒன்பதாவது படித்த பிள்ளையை இங்கே கொண்டுவந்து மறுபடி ஒன்பதாவதில் போட்டால் அந்த வருடமும் கணக்கில் சேரும். அண்ணன் பையனை அழைத்துவந்து நம் வீட்டில் வைத்துப் படிக்க வைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பெற்றோரோடு வசிக்காத பிள்ளைக்குத் தனியாக விலக்கு வாங்க வேண்டியிருக்கும். பள்ளியில் சேர்க்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பிரிஸ்கோ_அப்பா

சார், வணக்கம். நீங்கள் சொன்ன நான்கு வருடக் கணக்கு எனக்குப் புதிது. எங்கள் கிளப்பில் அப்படி இரண்டு பையன்கள் இருக்கிறார்கள், இன்றே அவர்கள் வீட்டில் சொல்கிறேன்.

எண்பது_கேள்வி அக்கா, கிளப் பயிற்சியாளர்களை அப்படியே பள்ளி அணிக்கு வைத்துக்கொள்ளலாமா? எங்களிடம் ரஞ்சி ஆடிய ஒருவர் இருக்கிறார்.

எண்பது_கேள்வி

இங்கேதான் சிக்கல். யூஐஎல் விளையாட்டு என்று ஆகிவிட்டால், பெரும்பாலான விளையாட்டுகளில் பயிற்சியாளர் அந்தப் பள்ளி மாவட்டத்தின் முழுநேர ஊழியராக இருக்க வேண்டும். உங்கள் ரஞ்சி வீரர் ஐடி கம்பெனியில் வேலை செய்தால் முடியாது. வரலாற்று ஆசிரியரோ, என்னைப்போல ஒரு கணித ஆசிரியையோ கிரிக்கெட் கற்றுக்கொண்டு வர வேண்டும். அதனால் இப்போதே உங்கள் பள்ளியில் ஆர்வம் உள்ள ஒரு ஆசிரியரைக் கண்டுபிடியுங்கள், ரஞ்சி வீரர் அவருக்குக் கற்றுக்கொடுக்கட்டும்.

பரிசுப் பணமும் இருக்கிறது. வார இறுதிக் கிரிக்கெட் போட்டிகளில் ரொக்கப் பரிசு சகஜம். யூஐஎல் நடத்தும் ஒரு விளையாட்டில் ஒன்பதாவதுக்குப் பிறகு பணம் வாங்கினால் அமெச்சூர் தகுதி போய்விடும். கிரிக்கெட் இன்று யூஐஎல்லில் இல்லை என்பதால் பிரச்சினை இல்லை. நாளை வந்தால் இருக்கும். டென்னிஸ் ஆடும் பிள்ளைகளுக்கு இன்றே இருக்கிறது.

அப்புறம் படிப்பு. ஒரு பாடத்தில் 70-க்குக் கீழ் போனால் குறைந்தது மூன்று வாரம் போட்டியில் இறங்க முடியாது. 1984-இல் மாநில அரசு கொண்டுவந்த சட்டம் அது, அப்போது ஆறு வாரம், 1995-இல் மூன்றாகக் குறைத்தார்கள். ஏபி (கல்லூரி அளவிலான பாடம்) போன்ற கடினமான பாடங்களுக்கு விலக்கு உண்டு. மார்ச்சிங் பேண்ட் போட்டிக்கும் இதே விதிதான். ஆசிரியையாகச் சொல்கிறேன், 69 வாங்கிய பையனை வகுப்புக்கு வெளியே நிறுத்தி நான் பேசியிருக்கிறேன். அவன் கண்ணைப் பார்த்துச் சொல்வது லேசல்ல. ஆனால் அந்த விதி இருந்ததால்தான் மாலையில் என்னிடம் வந்து உட்கார்ந்து படித்த பிள்ளைகளும் நிறையப் பேர்.

பே_ஏரியா_ஷட்டில்

கலிஃபோர்னியாவிலிருந்து. இங்கே பள்ளி விளையாட்டை நடத்துவது சிஐஎஃப், 1914-இல் தொடங்கியது. மாநிலம் பத்துப் பிரிவாகப் பிரிந்திருக்கிறது, ஒவ்வொரு பிரிவுக்கும் தனி அதிகாரம். அதனால் எங்கள் பக்கம் பேட்மிண்டன் பள்ளி விளையாட்டு. மாநிலச் சாம்பியன்ஷிப் இல்லாவிட்டாலும் பிரிவு அளவில் நடக்கிறது. பெண்களுக்கான ஃபிளாக் ஃபுட்பாலை 2023-இல் மாநிலம் முழுக்கச் சேர்த்தார்கள். எங்கள் வீட்டுப் பெண் பேட்மிண்டன் அணியில் இருக்கிறாள்.

டெக்சஸ்காரர்களுக்கு என் யோசனை, பெண்கள் அணியை மறக்காதீர்கள். 1972-இன் டைட்டில் ஒன்பது சட்டப்படி ஆண், பெண் இருவருக்கும் சம வாய்ப்பு தர வேண்டும். 'பையன்களுக்கு ஒரு விளையாட்டு சேருங்கள்' என்று போய் நின்றால் ஐஎஸ்டி நிர்வாகி முதலில் கேட்கும் கேள்வி அதுதான். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள், பெண்கள் இரண்டு பிரிவிலும் கிரிக்கெட் இருக்கிறது. அதைச் சொல்லுங்கள்.

நேப்பர்வில்_நெல்லை

இல்லினாய்ஸில் 2009-இலிருந்து மீன்பிடித்தல் மாநிலப் போட்டி இருக்கிறது. ஏரியில் படகு விட்டு பாஸ் மீன் பிடிக்கிறார்கள், பள்ளிச் சட்டை போட்டுக்கொண்டு. செஸ்ஸும் உண்டு. ஒரு ஊரில் பிள்ளைகள் என்ன செய்கிறார்களோ அதைப் பள்ளி தன்னுடையதாக எடுத்துக்கொள்கிறது. கிரிக்கெட்டுக்கு அந்த நாள் ஏன் வராது?

கேட்டி_கரிசல்

காட்டமாக எழுதியதற்கு யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதில் நிம்மதி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இந்த அமைப்பு எல்லோரையும் எப்போதும் சேர்த்துக்கொண்டதல்ல. கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளை யூஐஎல் பல பத்தாண்டுகள் வெளியே வைத்திருந்தது. அவர்கள் பிரெய்ரி வியூ லீக் என்று தங்களுக்கென்று ஒன்றை நடத்தினார்கள். 1967-இலிருந்து 1970-க்குள்தான் இரண்டும் இணைந்தன. என் மகளின் அமெரிக்க வரலாற்று ஆசிரியை அந்த லீகில் ஓடியவரின் பேத்தி. அவர்தான் வகுப்பில் சொன்னாராம்.

வெளியே இருந்தவர்கள் தங்கள் போட்டியைத் தாங்களே நன்றாக நடத்தினார்கள், பிறகு உள்ளே வந்தார்கள். அந்த லீக் பெற்றெடுத்த வீரர்களை இன்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள். உள்ளே வந்தபோது சொந்தப் பெயரையும், பல பள்ளிகளையும், பயிற்சியாளர் வேலைகளையும் இழந்தார்கள் என்பதும் உண்மை. அதையும் நினைவில் வைத்துக்கொண்டு போங்கள்.

சட்டக்_குறிப்பு

இதை எழுதியதற்கு நன்றி.

பிரிஸ்கோ_அப்பா

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மனுவை ஆஸ்டினுக்கு அனுப்பவில்லை. மகன் தன் பள்ளியில் கிரிக்கெட் கிளப்புக்கு விண்ணப்பம் கொடுத்தான். பொறுப்பாசிரியர் ஒருவர் இருந்தால்தான் கிளப் தொடங்க முடியும். இயற்பியல் ஆசிரியர் ஒருவர், வெள்ளைக்காரர், கிரிக்கெட் பார்த்ததே இல்லை, சரி என்று சொல்லியிருக்கிறார். 'பந்து ஏன் காற்றில் வளைகிறது என்று எனக்குக் காட்டு, நான் வருகிறேன்' என்றாராம். முதல் நாள் 23 பிள்ளைகள் வந்தார்கள், அதில் 6 பேர் பெண்கள். என் மகள் நடுநிலைப் பள்ளியில் இருக்கிறாள், அவளால் சேர முடியாது, அதில் அவளுக்குக் கோபம்.

விளையாட்டுப் பொறுப்பாளரான அத்லெடிக் டைரக்டரைப் போய்ப் பார்த்தேன். முதலில் இடம்தான் கேட்டார். ஃபுட்பால் மைதானத்தில் ஓடுதளம் சுற்றி வருவதால் அகலம் போதாது. கிராண்ட் பிரெய்ரி மைதானமே முன்னால் பேஸ்பால் மைதானமாக இருந்து மாற்றியதுதான் என்று சொன்னேன். சிரித்துவிட்டு, நகராட்சிப் பூங்காவில் பாய் விரித்து ஆடுவதற்குக் கடிதம் தருவதாகச் சொன்னார். பக்கத்து ஐஎஸ்டிகளில் எத்தனை பள்ளியில் இப்படிக் கிளப் இருக்கிறது என்று பட்டியல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். எட்டு இருந்தால் வசந்த காலத்தில் ஒரு சின்ன லீக் நடத்த இடம் பார்க்கலாம் என்றார்.

இதுவரை எங்களுக்குத் தெரிந்து மூன்று பள்ளி. ஆலன், பிளேனோ, கொப்பெல், இர்விங் பக்கம் உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் இந்த இழையிலேயே எழுதுங்கள். பள்ளியின் பெயர், எத்தனை பிள்ளைகள் ஆடுவார்கள், பொறுப்பேற்க ஓர் ஆசிரியர் கிடைப்பாரா, இந்த மூன்றும் போதும்.

எண்பது_கேள்வி

என் பள்ளி நான்காவது என்று எழுதிக்கொள்ளுங்கள். பொறுப்பாசிரியை நானே. விதிப்புத்தகம் அனுப்புங்கள், எல்பிடபிள்யூ எனக்கு இன்னும் புரியவில்லை.

பிடி_வாத்தியார்_விருதுநகர்

அம்மா, எல்பிடபிள்யூ நான் சொல்லித்தருகிறேன். மார்ச் வரை இங்கேதான் இருப்பேன். சனிக்கிழமை காலை அம்பயர் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், விசிலைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன்.